சிக்குக் கோலத்தைச் சுவருக்குக் கொண்டுபோவது: 13 புள்ளி, 12 கதவு

கேள்வி சுருக்கமாக இது: "அம்மா போடும் சிக்குக் கோலத்தை வைத்து ஹாலில் ஒரு சுவருக்கு வால்பேப்பர் வடிவம் செய்ய ஆசை. பைத்தான் ஓரளவு தெரியும். கோலத்தைப் போட்டோ எடுத்து பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தேன், ஓரங்கள் சேரவே இல்லை. ஒரு கோலத்துக்கும் அடுத்த கோலத்துக்கும் நடுவில் வெற்றிடமும் விழுகிறது. புரோகிராம் எழுதியே வரைய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?"

முடியும். ஆனால் போட்டோவை ஒதுக்கி வைத்துவிடுங்கள். ஓரம் சேராததற்குக் காரணம் உங்கள் ஒட்டு வேலை இல்லை. வாசலில் போடும் கோலம் தனக்குள்ளேயே முடிந்துவிடுகிற ஒன்று. புறப்பட்ட புள்ளிக்கே இழை திரும்பி வந்தால்தான் கோலம் முடிந்ததாகக் கணக்கு. வால்பேப்பரோ நாலு பக்கமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது. முடிகிற ஒன்றை முடிவில்லாத சுவரில் எப்படி உட்கார வைப்பது என்பதுதான் உங்கள் கேள்வியின் சாரம். இதற்குக் கோலத்தின் படம் உதவாது, கோலத்தின் விதிதான் உதவும். அம்மாவும் படத்தை மனப்பாடம் செய்து போடுவதில்லை. "5 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி" என்று சொன்னாலே அவர் கைக்கு மீதி தெரியும். நாம் எழுத வேண்டியது அந்த மீதியை.

இந்த வேலைக்கு நம் ஊரிலேயே நல்ல முன்னோடிகள் உண்டு. தாம்பரத்தில் உள்ள சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970-களின் தொடக்கத்தில் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். மொழிக்கு இலக்கணம் இருப்பது போல, கட்டங்களில் குறிகளை மாற்றி எழுதிக்கொண்டே போனால் கோலம் வளரும் என்பது அவர்கள் வழி. அந்த ஆய்வுக் கட்டுரை 1974-ல் வெளிவந்தது. நம் வீடுகளில் கணினி என்பதே இல்லாத காலம் அது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

சிக்குக் கோலத்தை ஒரு வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சதுர அறையின் நடுவில் இருக்கிறது. அறைக்கு நாலு பக்கம். பக்கத்துப் புள்ளியின் அறைக்கும் இதற்கும் நடுவில் ஒன்று கதவு இருக்கும், இல்லையென்றால் சுவர் இருக்கும். கதவு இருந்தால் இழை அதன் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக, பெருக்கல் குறி போல, கடந்து போகும். சுவர் இருந்தால் இழை அதைத் தொடாமல் வளைந்து, புள்ளியைச் சுற்றித் திரும்பிவிடும். இவ்வளவுதான். நாலு பக்கமும் அடைத்த அறையில் இழை ஒரு வட்டம். ஒரே கதவு என்றால் மொக்கு. நாலும் கதவு என்றால் சாய்ந்த சதுரம். கதவும் சுவருமாக 16 வகை அறைகள் வரும். திருப்பிப் பார்த்தால் ஒன்றாகிவிடுபவற்றைக் கழித்தால் 6 வகைதான் மிஞ்சும். நீங்கள் பார்த்திருக்கும் நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலங்களில் பெரும்பாலானவற்றை இந்த ஆறை வைத்தே கட்டிவிடலாம்.

முதல் முயற்சியில் எல்லாருமே எல்லாக் கதவையும் திறந்துவிடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். திரை முழுவதும் சாய்வுக் கோடுகள் மட்டும் வந்து நின்றன. பிரம்பு நாற்காலியின் பின்னல் மாதிரி இருந்தது, கோலத்தின் சாயலே இல்லை. அப்போதுதான் ஒன்று புரிந்தது. கோலத்தின் வளைவுகள் எல்லாம் அடைத்த இடங்களிலிருந்து வருகின்றன. எதைத் திறப்பது என்பதைவிட எதை அடைப்பது என்றுதான் யோசிக்க வேண்டும்.

செவ்வகமான புள்ளிக் கூட்டத்தில் வெளிப்பக்கத்தை மட்டும் அடைத்து, உள்ளே எல்லாவற்றையும் திறந்துவிட்டால் எத்தனை இழை வரும் என்பதற்கு ஓர் அழகான விடை இருக்கிறது. வரிசைக்கு எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்ற இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எவ்வளவோ அத்தனை இழை. 4-க்கு 5 போட்டால் ஒரே இழை. 4-க்கு 4 போட்டால் நாலு தனி இழைகள். மொசாம்பிக்கில் பணியாற்றிய கணிதவியலாளர் பவுலஸ் கெர்டெஸ், அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் வரையும் சோனா கோடுகளை ஆராய்ந்தபோது இந்த விதியை விரிவாக எழுதினார். நம் கோலத்தையும் அவர் கவனித்திருக்கிறார். புள்ளி வைத்து அதைச் சுற்றி இழை ஓட்டும் அறிவு நமக்கு மட்டும் உரியதல்ல.

ஆனால் சுவருக்குச் செவ்வகக் கோலத்தை நான் எடுக்க மாட்டேன். அதை அடுக்கினால் பாத்ரூம் டைல்ஸ் பதித்தது போல் தெரியும். உங்கள் அம்மா போடும் 1, 3, 5, 3, 1 புள்ளிக் கோலத்தை எடுங்கள். மொத்தம் 13 புள்ளி. இந்தச் சாய்சதுர வடிவத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒன்றை வைத்து, அதிலிருந்து வலப்பக்கம் 3 புள்ளி, கீழே 2 புள்ளி தள்ளி அடுத்ததை வைத்தால் இரண்டும் பல்லோடு பல் பொருந்துவது போல் பொருந்தும். அதே போல இடப்பக்கம் 2, கீழே 3 தள்ளியும் வைக்கலாம். இப்படியே போனால் சுவர் முழுக்க நிரம்பிவிடும். நடுவில் ஒரு புள்ளிகூட அநாதையாக நிற்காது. நீங்கள் சொன்ன வெற்றிடம் இங்கே வரவே வராது.

இதைப் புரோகிராமில் எழுதுவது நீங்கள் பயப்படுவதைவிட எளிது. சுவரில் உள்ள எந்தப் புள்ளிக்கும் ஒரு வரிசை எண், அந்த வரிசையில் ஓர் இட எண் கொடுங்கள். இரண்டும் 0-விலிருந்து தொடங்கட்டும். வரிசை எண்ணை 5-ஆல் பெருக்கி, இட எண்ணைக் கூட்டி, 13-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். 0 முதல் 12 வரை ஓர் எண் வரும். அந்தப் புள்ளி தன் கோலத்துக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லிவிடும். நடுப்புள்ளி 0. முழுக் கோலமும் இப்படி அமையும்:

மேல் நுனி: 3
அடுத்த வரிசை: 7, 8, 9
நடு வரிசை: 11, 12, 0, 1, 2
அதற்குக் கீழ்: 4, 5, 6
கீழ் நுனி: 10

வலப்பக்கம் ஓர் இடம் நகர்ந்தால் ஒன்று கூடும், கீழே ஒரு வரிசை இறங்கினால் ஐந்து கூடும், 13 ஆனால் மறுபடி 0. ஒரு தாளில் எழுதி விரலால் தொட்டுப் பாருங்கள். எண்கள் தானாக வந்து உட்காரும்.

இனி கதவுகள். இந்த 13 புள்ளிக்குள் அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே கதவு வைக்கக்கூடிய இடங்கள் 16. பதினாறையும் திறந்தால் மூன்று இழை வரும்: வெளியே ஒரு பெரிய இழை, உள்ளே ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு நீள இழைகள். கோலமாகப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே இழைதான் வேண்டும் என்றால் நாலு கதவை அடையுங்கள்: 4-க்கும் 5-க்கும் நடுவே, 8-க்கும் 9-க்கும் நடுவே, 7-க்கும் 12-க்கும் நடுவே, 1-க்கும் 6-க்கும் நடுவே. இந்த நாலும் கோலத்தைக் கால் சுற்றுச் சுற்றினால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து நிற்கும்படி அமைந்தவை. மிச்சம் 12 கதவுகள்.

புரோகிராமுக்கு இரண்டே பட்டியல் போதும். வலப்பக்கக் கதவு திறந்திருக்கும் புள்ளிகள்: 0, 1, 5, 7, 11, 12. கீழ்ப்பக்கக் கதவு திறந்திருக்கும் புள்ளிகள்: 0, 3, 5, 8, 9, 12. ஒரு புள்ளியின் இடப்பக்கக் கதவு என்பது இடப்பக்கத்துப் புள்ளியின் வலப்பக்கக் கதவுதான். மேல்பக்கக் கதவு மேலே உள்ள புள்ளியின் கீழ்ப்பக்கக் கதவு. ஆகவே தனியாக எழுத வேண்டாம். பக்கத்துக் கோலத்தோடு இருக்கும் எல்லை எல்லாம் சுவர். உங்கள் ஹால் சுவர் முழுவதற்குமான வடிவமும் இந்தப் பன்னிரண்டு எண்ணுக்குள் அடங்கிவிட்டது.

இந்தப் பன்னிரண்டில் ஏன் ஒரே இழை வருகிறது என்று தெரிந்துகொண்டால் நீங்களே புதுக் கோலம் அமைக்கலாம். திறந்த கதவுகள் வழியாக மட்டும் நடந்தால் எல்லாப் புள்ளிக்கும் போக முடிய வேண்டும், ஆனால் எங்கும் வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கு வேறு வழியாகத் திரும்ப முடியக் கூடாது. அதாவது மரத்தின் கிளை மாதிரி பிரிய வேண்டும், மறுபடி சேரக் கூடாது. அப்படி இருந்தால் இழை ஒன்றுதான், சந்தேகமே வேண்டாம். ஒரு மொக்கை வரைந்து, அதோடு இன்னொரு மொக்கைக் கதவு வழியாக ஒட்டிக்கொண்டே போனால் இழை உடையாது என்பதே அதற்குக் காரணம். வட்டமடிக்கும் கோலங்களிலும் சில ஒரே இழையில் வரும். முன்பு சொன்ன 4-க்கு 5 செவ்வகம் அப்படித்தான். அவற்றில் சிக்கு அதிகம், அழகும் அதிகம். ஆனால் அங்கே எண்ணிப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

எண்ணுவதற்கு வழி இது. ஒவ்வொரு அறையையும் நாலு கால் பாகமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு காலிலும் இழையின் ஒரு துண்டு இருக்கிறது. 13 புள்ளிக்கு 52 துண்டுகள். ஏதாவது ஒரு துண்டில் தொடங்கி நடங்கள். எதிரே சுவர் என்றால் அதே அறையின் அடுத்த காலுக்குத் திரும்புங்கள். கதவு என்றால் அடுத்த அறைக்குள் போங்கள். வலக்கீழ்க் காலிலிருந்து வலப்பக்கக் கதவைக் கடந்தால் அடுத்த அறையின் இடமேல் காலில் நுழைவீர்கள். கதவைத் தாண்டியதும் சுற்றும் திசை மாறும். ஒரு புள்ளியை வலமாகச் சுற்றிய இழை அடுத்த புள்ளியை இடமாகச் சுற்றும். புறப்பட்ட இடத்துக்கு வருவதற்குள் 52 துண்டையும் தொட்டிருந்தால் ஒரே இழை. பதினாறு கதவும் திறந்த கோலத்தில் இதைச் செய்தால் 28, 12, 12 என்று மூன்றாகப் பிரியும். இந்தச் சோதனையை முதலிலேயே எழுதிவிடுங்கள். கண்ணால் பார்த்து எண்ணினால் நிச்சயம் தப்பும்.

வரைவதும் கால் காலாகத்தான். ஒரு காலுக்கு இரண்டு பக்கம், ஆகவே நாலே நிலைமைகள். அறையின் அகலம் 240 பிக்சல் என்று வையுங்கள், நடுப்புள்ளியிலிருந்து பக்கத்துக்கு 120. இரண்டு பக்கமும் கதவு என்றால் ஒரு கதவின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடுவுக்கு நேர்க்கோடு. இரண்டும் சுவர் என்றால் 72 பிக்சல் ஆரத்தில் கால் வட்டம். ஒன்று கதவு, ஒன்று சுவர் என்றால் கதவின் நடுவிலிருந்து, சுவரை நோக்கி 72 பிக்சலில் உள்ள இடம் வரை ஒரு வளைகோடு. அதற்கு ஒரே ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளி உள்ள பெசியர் வளைவு போதும். கதவு வலப்பக்கம், சுவர் மேல்பக்கம் என்றால் கட்டுப்பாட்டுப் புள்ளி நடுவிலிருந்து வலமாக 48, மேலே 72. அப்படி வைத்தால் கதவைக் கடக்கும்போது இழை சரியாக 45 பாகைச் சாய்வில் இருக்கும், எந்த இணைப்பிலும் முனை தெரியாது. 72 என்பது என் கண்ணுக்குப் பிடித்த அளவு. 60-க்குக் குறைத்தால் மொக்கு ஒல்லியாகிவிடும், 90-க்கு மேல் போனால் பக்கத்து இழையை ரொம்ப நெருங்கிவிடும். பைத்தானில் எஸ்.வி.ஜி. கோப்பாகவே எழுதிவிடுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காது.

கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இழை இழையைக் கடக்கும் இடத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று நிழல் கொடுத்துக் கயிறு போலக் காட்டுவதை நிறையப் பேர் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாவுக்கு மேலும் கீழும் கிடையாது. விரலிலிருந்து விழுந்த மாவு தரையோடு ஒன்றாகக் கிடக்கும், அதுதான் கோலத்தின் முகம். அதே காரணத்தால் கை நடுக்கம் மாதிரி கோட்டைக் கோணலாக்கவும் வேண்டாம். நன்றாகப் போடுகிறவர் கோடு கோணாது. மாறுவது தடிமன்தான். நேராக ஓடும்போது கை வேகமாகப் போவதால் மாவு மெலிதாக விழும், மொக்கைச் சுற்றித் திரும்பும்போது கை தயங்குவதால் சற்றுத் தடிக்கும். நேர்க்கோட்டுத் துண்டுகளுக்கு 20 பிக்சல், வளைவுக்கு 24 என்று வைத்து, நடுவில் மெல்ல மாற்றினால் போதும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது, சுவராகப் பார்க்கும்போது உயிர் வரும்.

நிறத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். செம்மண் பூசிய தரையில் பச்சரிசி மாக்கோலம் எப்படி இருக்குமோ அதுவே போதும். சுத்த வெள்ளையை எடுக்காமல் லேசாக மஞ்சள் கலந்த வெள்ளையை எடுங்கள், அரைத்த மாவு காய்ந்தால் அந்த நிறம்தான். சுவர் முழுக்க செம்மண் நிறம் கனமாகத் தெரிந்தால் இரண்டையும் இடம் மாற்றலாம். பூஜை அறையில் மட்டும் போடும் ஹிருதய கமலம், நவக்கிரகக் கோலம் போன்றவற்றை நான் ஹால் சுவருக்கு எடுப்பதில்லை. சோபாவுக்குப் பின்னால் அவை இருப்பது வீட்டில் பெரியவர்களுக்கு உறுத்தும், அந்த உறுத்தலை மதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வாசல் கோலத்துக்கு அந்தத் தடை இல்லை.

சமச்சீர் பற்றியும் கொஞ்சம். சமதளத்தில் திரும்பத் திரும்ப வரும் வடிவங்கள் மொத்தம் 17 வகைதான் என்று 1891-லேயே ரஷ்ய அறிஞர் ஃபெதரோவ் நிறுவிவிட்டார். நம்முடையது அதில் கால் சுற்று உள்ள, கண்ணாடிப் பிம்பம் இல்லாத வகை. அதனால் சுவர் முழுக்க ஒரே பக்கமாகச் சுழல்வது போல லேசான ஓட்டம் தெரியும். எதிர்ச் சுவருக்கும் போடுவதாக இருந்தால் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுங்கள், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சுழலும்.

பெரிய கோலம் வேண்டுமா? அதே விதி நீளும். 1, 3, 5, 7, 5, 3, 1 என்றால் 25 புள்ளி. வரிசை எண்ணை 7-ஆல் பெருக்கி, இட எண்ணைக் கூட்டி, 25-ஆல் வகுங்கள். நடு வரிசையில் எத்தனை புள்ளியோ அதனால் பெருக்கு, மொத்தப் புள்ளியால் வகு, அவ்வளவுதான். நடு வரிசையில் 9 புள்ளி உள்ள கோலத்துக்கு மொத்தம் 41. 25 புள்ளியில் கதவுக்கான இடங்கள் 36. கிளை முறையில் 24-ஐத் திறந்து 12-ஐ அடைக்க வேண்டும். நாலு நாலாக, கால் சுற்றுக்குப் பொருந்தும்படி மூன்று கூட்டமாக அடைத்துப் பாருங்கள். ஒரு சாயங்காலம் போவதே தெரியாது.

இனி அச்சு. கடைகளில் கிடைக்கும் வழக்கமான வால்பேப்பர் ரோல் 53 சென்டிமீட்டர் அகலம், 10 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம். நம் வடிவம் இரு பக்கமும் 13 புள்ளிக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. 53-ஐ 13-ஆல் வகுத்தால் புள்ளிக்குப் புள்ளி 4 சென்டிமீட்டர் சொச்சம். வாசலில் கோலம் போடும் இடைவெளியும் ஏறக்குறைய அதுதான். பொருந்தி வந்ததைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். 13 அறைக்கு 240 பிக்சல் வீதம் 3120 பிக்சல், அதாவது அங்குலத்துக்கு 150 பிக்சலுக்கு ஒரு முடி குறைவு. சுவருக்கு இது தாராளம். டிஜிட்டல் பிரிண்டிங் செய்பவரிடம் பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள், ஓரத்தில் வெள்ளை விளிம்பு விடாமல் வெட்டச் சொல்லுங்கள்.

ரோலின் ஓரம் கோலங்களை நடுவில் வெட்டிக்கொண்டு போகும். அடுத்த பட்டையில் அதே உயரத்தில் மிச்சப் பாதி இருக்கும். ஆகவே ஒட்டுபவரிடம் நேருக்கு நேர் பொருத்தம், ஏற்றி இறக்கி ஒட்டக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 9 அடி உயரச் சுவருக்கு 274 சென்டிமீட்டர் வேண்டும். பொருத்தம் பார்த்து வெட்ட 53-இன் மடங்காக 318 எடுக்க வேண்டும். ஒரு ரோலில் மூன்று பட்டை வரும். பொருத்தம் பார்க்காமல் வெட்டினாலும் மூன்றுதான் வரும் என்பதால் இதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

முழு ரோலுக்கும் ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஏ3 தாளில் உண்மையான அளவில் ஒரு பிரிண்ட் எடுத்து அம்மா முன்னால் வையுங்கள். எதுவும் விளக்க வேண்டாம். என் அத்தையிடம் நான் அப்படித்தான் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுட்டுவிரலை ஒரு மொக்கின் மேல் வைத்து, இழையோடு நகர்த்திக்கொண்டே போனார். மீதிக் கோலத்தைத் தொடாமலேயே விரல் புறப்பட்ட மொக்குக்கு வந்து நின்றது. "இங்கே இழை தனியா நிக்குது பாரு" என்றார். பார்த்தால் என் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருந்தது. 52 துண்டு சோதனையை நான் அப்போது எழுதியிருக்கவில்லை. சரிசெய்து இரண்டாம் தாளைக் கொடுத்தபோது விரல் எதையும் விடாமல் முழுக் கோலத்தையும் சுற்றிப் புறப்பட்ட மொக்குக்கே வந்தது. "சரியா வந்திருக்கு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அதற்கு மறுநாள்தான் அச்சுக்குக் கொடுத்தேன்.